பன்னிரண்டு பாகமும் பார்த்துவிட்டேன்

கண்ணு,

சாப்பாடு, தூக்கம், மழை, உங்கப்பாவின் முழங்கால் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே பேசி முடித்துவிட்டோம். அதனால் இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு கிடையாது, நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ தமிழில் வசனம் எழுதிய அந்த ஜப்பான் தொடரைப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு பாகமும் பார்த்தேன். ஏழாவது பாகத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ கேட்டாய். அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்பு. சரியான பதிலைப் போனில் சொல்லிவிடலாம் என்று போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் முயன்றேன். நீ "அப்புறங்கம்மா" என்பாய், நான் "அவ்வளவுதான் கண்ணு" என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். வாயில் வராதது எழுத்திலாவது வருகிறதா என்று பார்க்கிறேன். பத்தாவது வரைக்கும் தமிழில் நான்தான் முதல் மார்க், அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்தத் தப்பான பதிலைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ சென்னையிலிருந்து போன் செய்து, "அம்மா, நான் எழுதுனது வந்துருச்சுங்க. பாத்துப்போட்டு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க" என்றாய். பல் விழுந்தால் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவருவாயே, அந்தக் குரல். நானும் அன்று சாயங்காலமே கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாகம் முடிந்ததும் உனக்குப் போன் போட்டு நாலு குறை சொன்னேன். சலவைக்கடை வைத்திருக்கும் அந்த அம்மா, அகேமி, அவள் போட்டிருக்கும் பனியனில் தோள் தையலே இல்லை, கழுத்துப் பட்டியும் இல்லை என்றேன். வாய் மூடின பிறகும் பேச்சு ஓடுகிறது என்றேன். யாரோ கடையில் குடையை விட்டுப் போய்விட்டார்கள், அது யாருடையது என்று இருபது நிமிஷம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கதை என்று ஒன்றுமே நடக்கவில்லை என்றேன். கடைசியாக, ஜப்பான்காரி போய் நம் பக்கத்துப் பேச்சில் "ஏனுங்க" என்கிறாளே, கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்றேன். "சிரிக்கறதுக்குத்தானுங்கம்மா எழுதுனது" என்றாய். அதற்குப் பிறகு அந்தத் தொடரைப் பற்றி நீ என்னிடம் வாயே திறக்கவில்லை.

உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பார்வை அது ஒன்றுதான். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷமாகிறது. ஒரு பீஸ் கைக்கு வந்தால் உள்பக்கம் திருப்பிப் போட்டு, தோள், கழுத்து, கை, பக்கத் தையல், அடி மடிப்பு என்று கண் தன்னால் ஓடும். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன். சிவப்பு அம்பு குற்றத்தைக் காட்டும், பீஸ் டெய்லரிடம் திரும்பிப் போகும். நல்ல பீஸுக்கு ஸ்டிக்கர் கிடையாது. அதை யாரும் பாராட்டுவதில்லை, மடித்து அடுத்த பக்கம் தள்ளிவிடுவோம், அவ்வளவுதான். எங்கள் டேபிளில் ஒன்றும் சொல்லாமல் விடுவதுதான் பெரிய மரியாதை. இது எனக்குள் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்றால், உன்னையும் அப்படியேதான் வளர்த்திருக்கிறேன். குற்றத்தை மட்டும் காட்டினேன். நல்லதைப் பார்த்தபோதெல்லாம் சும்மா இருந்தேன், சும்மா இருப்பதை நீ பாராட்டாக எடுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

எட்டாம் வகுப்பில் கதைப் போட்டியில் முதல் பரிசு வாங்கி வந்தாயே, உனக்கு ஞாபகம் இருக்கும். ஷிப்டு முடிந்து நான் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சான்றிதழை நீட்டினாய். நான் பார்த்தேன். உன் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. "காலு ஒண்ணைக் காணமே" என்றேன். உன் முகம் எப்படிப் போனது என்று இப்போதும் எனக்குத் தெரிகிறது. அதற்கப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல், "சரி, வா கண்ணு, சோறு உங்கலாம்" என்றேன். மறுநாள் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு உன் பள்ளிக்கூடத்துக்குப் போய், பெரிய டீச்சர் அறை வாசலில் நின்று, அந்தத் துணைக்காலைப் போட வைத்து வாங்கிவந்தேன். அங்கே இருந்த வாட்ச்மேனிடம், பியூனிடம், யாரென்றே தெரியாத ஒரு பையனின் அப்பாவிடம் எல்லாம் என் மகன் கதை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறான் என்று சொன்னேன். உன்னிடம்தான் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ காலேஜ் படிக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அனிமேக்களைப் பார்ப்பாய். பொம்மைப் படம் என்று நான் சொன்னால் ஒவ்வொரு தடவையும் திருத்துவாய். நான் வேலை முடிந்து வந்து அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து உன் சிரிப்பு கேட்கும். தனியாக ஒருத்தன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மூச்சு வாங்கி, நின்று, மறுபடியும் ஆரம்பிப்பாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவேன். நீ திறப்பாய். "பரீட்சை ஒண்ணும் இல்லியா உனக்கு?" என்பேன். நீ கதவை மூடிவிடுவாய். அம்மாவுக்குக் கோபம் என்றுதான் நினைத்திருப்பாய். கண்ணு, எனக்கு அந்தச் சிரிப்பு என்னவென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். உன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து நானும் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதைக் கேட்கத் தெரியவில்லை, பரீட்சையைப் பற்றிக் கேட்டேன். இப்போது அந்தக் கதவு எந்நேரமும் திறந்துதான் கிடக்கிறது. அந்த நேரத்துக்கு அடுப்படியில் நிற்கும்போது காது தன்னால் அந்தப் பக்கம் போகிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கப்பா வந்து சொன்னார். இரண்டாவது தொடருக்கும் நீயே எழுதுகிறாயா என்று ஸ்டுடியோவில் கேட்டிருக்கிறார்களாம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். உனக்கு நம்பிக்கை இல்லையாம், விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறாய். அவர் கட்டிங் மாஸ்டராக இருக்கும் கம்பெனியிலேயே, வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, இங்கிலீஷ் தெரிந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்களாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உங்கப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அவன் வந்தர்றேங்கறான். நீ நல்லாருக்குது, நல்லாயில்லைன்னு ஒண்ணும் சொல்லாம கம்முனு இரு. தன்னால ஊட்டுக்கு வந்துருவான்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும் உன்னைத் தேடுகிறார். நீ போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போனால் பழக்கதோஷத்தில் மூன்று பேருக்கு வாங்கிவருகிறார், திங்கட்கிழமையும் அதையே சுடவைத்துச் சாப்பிடுகிறோம்.

நானும் கம்முனுதான் இருந்தேன். உன் அறையைக் கழுவித் துடைத்தேன். ஃபேன் இறக்கையைத் துடைத்தேன். மெத்தையை மொட்டைமாடியில் வெயிலில் போட்டேன். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பையன் வந்துவிடுவான் என்று சொன்னேன். கம்பெனியில் எனக்கு எதிர் டேபிளில் நிற்கும் ரீனாவிடமும் சொன்னேன். ரீனா ஜார்க்கண்ட் பெண், கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள், இங்கே வந்து நாலு வருஷமாகிறது. தமிழ் பேசுவாள், ஆனால் எல்லாரையும் அது இது என்றுதான் பேசுவாள், முதலாளியையும் சேர்த்து. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனை டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்து எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நீ வருவதைச் சொன்ன அன்றைக்கு அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். சலவைக்கடை. தோள் தையல் இல்லாத பனியன். அகேமி இந்தியில் பேசிக்கொண்டிருந்தாள்.

இதற்குத்தான் என் மகன் தமிழில் எழுதினான் என்றேன். அவள் நம்பவில்லை. நீ அனுப்பிய படத்தில், கடைசியில் ஓடும் பெயர்களில் உன் பெயரைக் காட்டினேன். அதை அவளால் படிக்க முடியவில்லை, இருந்தாலும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "அக்கா முழுசா பாத்துச்சா?" என்று கேட்டாள். ஒன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். அவள் போனில் இந்தி, என் போனில் தமிழ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒரே நேரத்தில் தட்டுவோம். ஆளுக்கொரு ஹெட்போன். ஒரு பாகம் இருபது சொச்சம் நிமிஷம், சாப்பாட்டு நேரம் அரை மணி. கையைக் கழுவுவதற்குத்தான் நேரம் போதாது. ஓவர்லாக் டெய்லர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஐம்பது வயதில் இந்த அக்காவுக்குப் பொம்மைப் படம் கேட்கிறதா என்றார்கள். பொம்மைப் படம் இல்லை, அனிமே என்று நானே திருத்தினேன்.

இரண்டாவது பாகத்திலேயே ரீனா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒருத்தர் சட்டைப் பையில் பேனாவோடு சலவைக்குக் கொடுத்து, மொத்தத் துணியும் நீலமாகிவிடுமே, அந்த இடம். இந்தியில் அகேமி கத்துகிறாள். வாய் பெரிதாகத் திறக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. தமிழில் நீ எழுதியிருப்பது, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க. பேனாவையும் சேத்திக் குடுத்திருக்கீங்களே, உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க." நான் சிரித்துத் தண்ணீர் புரைக்கேறிவிட்டது. "இங்க கத்துது. அங்க என்ன சொல்லுது?" என்று ரீனா கேட்டாள். நம் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதை கூடும் என்பதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "நீ டெய்லர்கிட்ட பேசுது, அது மாதிரி" என்றாள். தையல் மோசமாக வந்தால் நான் டெய்லரைக் கூப்பிட்டு, வாங்க தம்பி, உட்காருங்க தம்பி என்பேன். உட்காருங்க என்ற சொல் காதில் விழுந்தாலே லைன் முழுக்கத் தலையைக் குனிந்துகொள்ளும். நீ மதிப்பெண் குறைந்து வந்தால் உன்னையும், "வாங்க சார், இப்பத்தான் வந்தீங்களா?" என்பேனே. அகேமியை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் பாகத்தில் குறை என்று நான் சொன்ன அந்த "ஏனுங்க", அது நான் பேசுவதுதான். என் பேச்சைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்களே என்ற கூச்சத்தில், உன் வேலையில் இருந்த நல்ல இடத்தில் கொண்டுபோய் அம்பை ஒட்டியிருக்கிறேன்.

ஏழாவது பாகத்துக்கு வருகிறேன். அகேமியின் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் நாவோ, அம்மா துணி தேய்ப்பதுபோல ஒரு படம் வரைந்து கொண்டுவருகிறாள். அகேமி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாங்கிப் பார்க்கிறாள். படத்தில் அம்மாவின் கையில் ஆறு விரல். அகேமி எண்ணுகிறாள். தன் கையை நீட்டி அதையும் எண்ணுகிறாள். எங்கள் டேபிளில் அத்தனை பேரும் சிரித்தோம், அதற்குள் நாலைந்து பேர் எங்களோடு சேர்ந்திருந்தார்கள். அப்புறம் நாவோ அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சத்தம் எல்லாம் அடங்குகிறது. அகேமியின் வாய் கொஞ்சமாகத் திறந்து மூடுகிறது. ரீனாவின் போனில் "அச்சா ஹை" என்றாள். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அந்த அளவு இந்தி எனக்கும் தெரியும். என் போனில் அகேமி, "வா கண்ணு, சோறு உங்கலாம்" என்றாள்.

"பாப்பா படம் காட்டுது, அம்மா சோறு சொல்லுதா?" என்று ரீனா சிரித்தாள். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஜப்பான்காரி அந்த இடத்தில் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள். உனக்கு அது தெரியாமல் இருக்காது. அதைத் தமிழில் ஓர் அம்மா எப்படிச் சொல்லுவாள் என்று யோசித்திருப்பாய். யோசித்தபோது உன் காதில் கேட்டது அதுதான். உங்கலாம் என்றால் சென்னையில் யாருக்கும் புரியாது, சாப்பிடலாம் என்று மாற்றச் சொன்னார்கள், நீ ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்கப்பாவிடம் சொன்னாயாமே. அது எதற்கு என்று அவருக்கும் அப்போது புரியவில்லை. நாவோவுக்கு அது போதுமாக இருந்தது. படத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கடை முழுக்க ஓடுகிறாள். இந்தியிலும் அதே ஓட்டம்தான், தமிழிலும் அதே ஓட்டம்தான். உனக்குப் போதுமாக இருந்ததா கண்ணு? நீ ஓடவில்லை. சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சோறு சாப்பிட வந்தாய்.

மீதிப் பாகங்களையும் பார்த்து முடித்தேன். முதல் பாகத்தைத் திரும்பவும் பார்த்தேன். யாருடையது என்று தெரியாத அந்தக் குடையை ஒவ்வொருத்தரும் எடுத்துப் பார்த்துவிட்டு, இது என்னுடையது இல்லை என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் மழை வருகிறது, அகேமி அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள், அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். நம் வீட்டில் நீ இருந்த இருபத்து மூன்று வருஷமும் அப்படித்தானே போயிற்று. காலையில் சோப்பு எங்கே என்று கத்துவாய். தயிரை யார் மூடாமல் வைத்தது என்று நான் கத்துவேன். உங்கப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு பாத்ரூம் போய்விடுவார், வெளியே வர மாட்டார், நாம் இரண்டு பேரும் கதவைத் தட்டுவோம். எதுவும் நடக்கவில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு காலை இனிமேல் ஒன்றே ஒன்று கிடைத்தால்கூடப் போதும் என்று இருக்கிறது. இந்தத் தொடரை எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது, எழுதின உனக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது ஒரு திருட்டைச் சொல்ல வேண்டும். உங்கப்பாவுக்கும் தெரியாது. நீ சின்னவனாக இருந்தபோது உன் உடுப்பு எல்லாம் கம்பெனி மிஸ்டேக் பீஸ்தான். ஏற்றுமதிக்கு ஆகாத பீஸ்களைத் தீபாவளிக்கு முன்னால் எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நீ வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய், மிஸ்டேக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உனக்கு விளையாட்டு. இதோ ஓட்டை, இதோ கறை என்று கத்துவாய். உனக்கு ஆறு வயதிருக்கும்போது மஞ்சள் நிறத்தில் குழந்தைகள் டி-சர்ட் ஓர் ஆர்டர் ஓடியது, நெஞ்சில் யானை. என் கைக்கு வந்த ஒரு பீஸ் உனக்கென்றே தைத்ததுபோல இருந்தது. உள்ளே வெளியே பார்த்தேன், ஒரு குற்றம் இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் பக்கத் தையலில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி, ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிட்டேன். அந்தத் தீபாவளிக்கு அதை நானே கேட்டு வாங்கிவந்தேன்.

நீ அதில் மிஸ்டேக்கைத் தேடினாய். அன்று முழுக்கத் தேடினாய். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினாய். "எங்கீங்கம்மா மிஸ்டேக்கு?" என்று கேட்டாய். உண்மையைச் சொன்னால் நீ வெளியே போய்ச் சொல்லிவிடுவாய் என்ற பயத்தில், நல்லாப் பாரு, எங்காவது இருக்கும் என்று சொன்னேன். அந்தச் சட்டை பத்தாமல் போகும்வரை நீ போட்டாய், போடும்போதெல்லாம் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாய். குற்றமே இல்லாத ஒன்றில் குற்றம் எங்காவது இருக்கும் என்று உன்னை நம்ப வைத்தவள் நான்தான். உங்கப்பா கம்முனு இரு என்று சொன்னபோது எனக்கு இனித்ததற்குக் காரணம் இப்போது தெரிகிறது. நல்ல பீஸ் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு முன்பே பழக்கம். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும், உனக்கு எழுத வராது என்று நீயே முடிவு செய்துகொண்டு, மெத்தை காயப்போட்ட அந்த அறைக்கு வந்துவிடுவாய். தினமும் சாயங்காலம் நான் உன்னைப் பார்க்கலாம். மூன்று வாரம் அதைத்தான் செய்தேன், சொல்ல வாயெடுத்த அந்த இரண்டு ஞாயிறும் கடைசியில் அதைத்தான் செய்தேன். இதற்குமேல் என்னால் முடியாது.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில். நாலாவது பாகம், நீச்சல் குளத்துக்குப் போவது, தொய்கிறது. பத்தாவதில் அகேமி அழும் இடத்தில் நீ வசனத்தைக் குறைத்திருக்கலாம், அவள் முகமே போதும். பக்கத்துக் கடைக்காரருக்குக் குரல் கொடுத்தவர் எதற்கெடுத்தாலும் கத்துகிறார், அது உன் குற்றமில்லை. முதல் மூன்று பாகத்தில் பேச்சு வாயோடு ஒட்டவில்லை, நாலாவதிலிருந்து பிசகே இல்லை, உனக்குக் கை வந்துவிட்டது. இவை எல்லாம் போக, இது நன்றாக இருக்கிறது. இதை நாம் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். நல்லாருக்குது கண்ணு. ரொம்ப நல்லாருக்குது. ரீனாவின் இந்தியைவிட நல்லாருக்குது, அவளே ஒத்துக்கொண்டாள், கடைசி மூன்று பாகத்தை அவள் என் ஹெட்போனில் ஒரு பக்கத்தை வாங்கித் தமிழில்தான் பார்த்தாள். எட்டாம் வகுப்பில் எழுதிய அந்தக் கதையும் நல்லாருந்தது. அதை நான் இரண்டு தடவை படித்தேன்.

மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்காதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே ஸ்டுடியோவில் போய், நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிடு. ஆபீஸ் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி உங்கப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் இரண்டு நாள் என்னிடம் பேச மாட்டார், அது எனக்குப் பழக்கம்தான். நீ இல்லாமல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் சொல்கிறேனே, அது பொய். நீ இல்லாத வீடு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, தினமும் கஷ்டமாக இருக்கிறது. அதைச் சொன்னால் நீ கிளம்பி வந்துவிடுவாய் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன். இருந்தாலும் நீ வராதே, கண்ணு. எழுது.

அம்மா